வேர்த்து விட்ட காய்ச்சல்

டாக்டர் ராஜாராம் நோயாளியை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு நின்றுகொண்டுதான் பேசுவார். கூட வந்தவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அவரும் நிற்க வேண்டியதுதான். போடியில் ஏலக்காய் மண்டி வைத்திருந்தவர்களுக்கு இது பெரிய மரியாதைக் குறைச்சல். "என்ன சிஸ்டர், ஒங்க டாக்டரு மனுசனுக்கு ஒரு ஸ்டூலு போடச் சொல்லமாட்டாரா?" என்று என்னிடம் வந்து முறைப்பார்கள். நான் என்ன செய்வேன்? ஆஸ்பத்திரியில் மொத்தமே மூன்று நாற்காலி. அதில் ஒன்றுக்குக் கால் ஆடும்.

அவர் கும்பகோணத்துப் பக்கம். புற்றுநோய்க்கு மருந்தாலேயே வைத்தியம் பார்க்கிற படிப்பைப் பம்பாயில் படித்துவிட்டு, எழுபத்து நாலில் மதுரைக்கு வந்தார். அப்போதெல்லாம் புற்று என்றால் ஒன்று அறுப்பார்கள், இல்லையென்றால் கரண்டு என்று கதிர்வீச்சு வைப்பார்கள். இரண்டுக்கும் ஆகாதவர்களை, வீட்டுக்குக் கூட்டிப்போய் விரும்பியதைச் சாப்பிடக் கொடுங்கள் என்று அனுப்பிவிடுவார்கள். ஊசி போட்டால் கட்டி கரையும் என்று இவர் சொன்னதைக் கேட்டு மற்ற டாக்டர்களே ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்களாம். மலையிலிருந்தும் போடிப் பக்கத்து ஊர்களிலிருந்தும் போகிறவர்கள் முதல் ஊசியோடு நின்றுவிடுகிறார்கள் என்று கண்டு, மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை அவரே பாசஞ்சர் ரயிலேறிப் போடியில் இருந்த எங்கள் சின்ன ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பித்தார்.

ஒரு கையில் ஐஸ் போட்ட பிளாஸ்க், இன்னொரு கையில் மைக்ராஸ்கோப்புப் பெட்டி. அந்தப் பெட்டியை யாரிடமும் கொடுக்கமாட்டார். விரலில் குத்தி எடுத்த ரத்தத்தில் வெள்ளை அணுவை அவரே எண்ணுவார். எண்ணி முடிக்கிறவரை யாரும் மூச்சுவிடக் கூடாது. நான் ஒருமுறை காபி வேண்டுமா என்று கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நான் அதற்கு முன்னால் இருபது வருடம் பிரசவ வார்டில் இருந்தவள். பிள்ளை பிறப்பதைப் பார்த்த கண்ணுக்கு இந்த வேலை சேரவே இல்லை. அவருக்கும் அலுப்புத்தான். "என்கிட்ட வர்றவங்கள்ல பாதிப் பேர் செத்துப்போறாங்க சிஸ்டர். மீதிப் பாதி ஊசியால படற பாட்டைப் பார்த்தா, அவங்க என்னை மன்னிக்கணுமேன்னு இருக்கு," என்று ஒருநாள் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார். வராந்தாவில் இன்னும் பதினோரு பேர் இருந்தார்கள்.

அன்னக்கொடி வந்தது எழுபத்தொன்பதாம் வருடம் ஆடி மாதத்தில். மலையடிவாரத்துக் குரங்கணிக்காரி, வயது இருபத்தாறு. கழுத்தின் வலது பக்கத்தில் வரிசையாக நாலு கட்டி, அதில் ஒன்று எலுமிச்சங்காய் அளவு. டிபி நெறிகட்டு என்று ஒரு வருடம் யார் யாரோ மருந்து கொடுத்திருந்தார்கள். டாக்டர் சந்தேகப்பட்டுக் கட்டியில் ஒரு துண்டு எடுத்து மதுரைக்கு அனுப்பினார். பதினைந்து நாளில் முடிவு வந்துவிட்டது. டாக்டர் இல்லாத நாளில் அதைக் கேட்க முதலில் தனியாக வந்தவன் அவள் புருசன் உக்கிரபாண்டி. சீட்டைப் பார்த்து நான்தான் சொன்னேன்.

உக்கிரபாண்டி குரங்கணிக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் ஸ்டோர்க்காரன். பறித்த பச்சை ஏலக்காயைக் காய வைக்கிற கட்டடத்தைத்தான் ஸ்டோர் என்பார்கள். வெளியே அடுப்பில் விறகு எரியும். அதன் சூடு தகரக் குழாய் வழியாகக் கட்டடத்துக்குள் ஓடும். குழாய்க்கு மேலே தட்டுத் தட்டாகக் காய் பரப்பியிருக்கும். சூடு கூடினால் காய் வெடித்துப்போகும், குறைந்தால் பச்சை நிறம் போய் வெளுத்துவிடும். கையை நீட்டிக் காற்றைத் தொட்டே சூடு எவ்வளவு என்று சொல்கிறவன்தான் ஸ்டோர்க்காரன். சீசனில் அவன் அந்த இடத்தை விட்டு நகர முடியாது.

ஞாயிற்றுக்கிழமை அன்னக்கொடியோடு வந்தபோது வராந்தாவிலேயே என்னைப் பிடித்துக்கொண்டான்.

"சிஸ்டர், ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். அவகிட்ட நெறிகட்டுன்னே சொல்லச் சொல்லுங்க. பயந்தவ. கேட்டான்னா அன்னைக்கே படுத்துருவா."

"அவர்கிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா என்னைத்தான் திட்டுவார்," என்றேன்.

சொன்னான். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நோய் யாருக்கு?"

"அவளுக்குத்தேன் சார்."

"ஊசி யார் போட்டுக்கணும்?"

"அவதேன்."

"அப்ப முதல்ல அவங்களுக்குத்தான் தெரியணும். கூப்பிடுங்க."

அன்னக்கொடி வந்து நாற்காலியில் நுனியில் உட்கார்ந்தாள். டாக்டர் அவளிடம் நேராகவே சொன்னார். "அம்மா, உங்க கழுத்துல இருக்கிறது டிபி இல்லை. புற்றுநோயில ஒரு வகை."

அவள் கட்டியைத் தொட்டுப் பார்த்தாள். அப்புறம் புருசன் பக்கம் கையைக் காட்டினாள். "இவருக்கு மொதல்லயே தெரியுமா சார்?"

"தெரியும்."

"அதேன் நாலு நாளா எங்கிட்ட மருவாதையாப் பேசிக்கிட்டுத் திரிஞ்சாரா. நானும் என்னமோ திருந்திட்டாருன்னு நெனச்சேன்," என்றாள். உக்கிரபாண்டி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"செத்துருவனா சார்?"

"மருந்து கேக்கிற வகை இது. மாசம் ஒரு சுத்து, ஆறு மாசம் ஊசி. முழுசாப் போட்டுக்கிட்டவங்கள்ல பத்துக்கு ஆறு பேர் பிழைக்கிறாங்க. நீங்க அந்த ஆறா, மிச்ச நாலான்னு இன்னைக்கு என்னால சொல்ல முடியாது. வாந்தி வரும், முடி கொட்டும், வாய் புண்ணாகும். பாதியில நிறுத்தினா எல்லாம் வீண்."

"நாலு வயசுல ஒரு பொட்டப்புள்ள இருக்கு சார். என்னைய ஆறுலயே சேத்துக்கங்க," என்றாள்.

அவளுக்கு மருந்து போகும்போது நான்தான் பக்கத்தில் நிற்பேன். ஊசி இறங்கின ஒரு மணி நேரத்தில் குடலே வெளியே வந்துவிடுவது போல வாந்தி எடுப்பாள். முடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு, "இந்தா முடிஞ்சிருச்சு. சிஸ்டர், ஒரு காப்பித்தண்ணி கொண்டாங்க," என்பாள். இரண்டாம் சுற்றில் முடி கொத்துக் கொத்தாக வந்தது. "போனாப் போகுது, பேன் தொல்ல விட்டுச்சு," என்று தலையில் துண்டைக் கட்டிக்கொண்டாள். உக்கிரபாண்டிதான் வராந்தாத் தூணுக்குப் பின்னால் நின்று அழுதான்.

மூன்றாம் சுற்று முடிந்து புரட்டாசிக் கடைசியில் வந்தபோது கழுத்தில் கட்டி இல்லை. டாக்டர் விரலால் அமுக்கி அமுக்கித் தேடினார். என்னையும் தொட்டுப் பார்க்கச் சொன்னார். வழவழவென்று இருந்தது. அன்றைக்கு அவர் தன் பணத்தில் பஸ்ஸ்டாண்டிலிருந்து வடை வாங்கிவரச் சொல்லி எல்லோருக்கும் கொடுத்தார். ஐந்து வருடத்தில் அதுதான் முதல் தடவை. ஆனால் கட்டி போய்விட்டது, இனி ஊசி எதற்கு என்று உக்கிரபாண்டி இழுத்தபோது அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "கண்ணுக்குத் தெரியாததும் இருக்குய்யா உள்ள. ஆறு சொன்னேன், ஆறு."

"ஆறு போடாம நான் விடமாட்டேன் சார். அவரு கெடக்காரு," என்றாள் அன்னக்கொடி.

நாலாவது சுற்று ஐப்பசியில் வந்தது. அப்போது மலையில் காய் எடுப்பு உச்சத்தில் இருக்கும். மழையும் பிடித்துக்கொண்டது. ஊசி போட்டு முடித்துப் படுத்திருந்தவள், கிளம்புகிற நேரத்தில் டாக்டரிடம் கேட்டாள்.

"சார், நானும் இவரு கூட மலைக்குப் போகட்டா? புள்ளைய அக்கா குருவம்மா அதோட ஊரு சிலமலைக்குக் கூட்டிப் போயிருச்சு. கீழ ஒத்தையில கெடக்க முடியல. காய் எடுக்கப் போகமாட்டேன். கஞ்சி காச்சிக் குடிச்சிட்டுச் சும்மா இருப்பேன்."

டாக்டர் ஒரேயடியாக மாட்டேன் என்று சொல்கிற ஆள் இல்லை. அவர் வழியே வேறு. வேலை என்ன, எத்தனை மணிக்கு எழுந்திருப்பார்கள், என்ன தின்பார்கள் என்று நோண்டி நோண்டிக் கேட்பார். நோயைப் படித்தால் போதாது, நோய் எந்த வீட்டில் இருக்கிறது என்றும் தெரிய வேண்டும் என்பார். அன்றைக்கும் கேட்டார்.

"தண்ணி எங்க எடுப்பீங்க?"

"ஓடையில சார்."

"கொதிக்க வச்சுத்தான் குடிக்கணும். அட்டை இருக்குமா?"

"மழைக்கு அட்டை இல்லாமயா சார். காலு பூரா ஏறும்."

"ரத்தம் உறையறது இப்பக் கொஞ்சம் குறைவா இருக்கும். அட்டை கடிச்சா நிக்காது. காட்டுக்குள்ள காலே வைக்கக் கூடாது. கூரை ஒழுகுமா?"

"எங்க வீடு ஒழுகாது சார்," என்றான் உக்கிரபாண்டி. "நான் படுதா போட்ருக்கேன்."

"சரி. இப்ப நான் சொல்றதை நல்லாக் கேட்டுக்கங்க. இன்னைலருந்து எட்டு நாள் கழிச்சு வெள்ளை அணு ரொம்பக் குறைஞ்சிரும். அந்த நேரத்துல காய்ச்சல் வந்தா அது சாதாரணக் காய்ச்சல் இல்லை. ஒரு நாள் தள்ளினாலும் ஆபத்து. காய்ச்சல் வந்தா என்ன செய்யணும்?"

"அன்னைக்கே எறங்கி இங்க வந்துறணும்," என்றான் உக்கிரபாண்டி.

"மறுபடி சொல்லுங்க."

"காச்சல் வந்தா அன்னைக்கே வந்துறணும் சார்."

அன்னக்கொடியையும் சொல்லச் சொன்னார். அவளும் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிச் சொன்னாள். மூன்று தரம் சொன்னபிறகுதான் விட்டார். நான் பக்கத்தில் நின்று பஞ்சையும் பாட்டிலையும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

பன்னிரண்டாம் நாள் வெள்ளிக்கிழமை. காலை ஒன்பது மணிவாக்கில் குரங்கணி ஜீப்பு ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. நாலு பேர் டோலி கட்டி மலையிலிருந்து இறக்கியிருக்கிறார்கள். அன்னக்கொடியைத் தூக்கிக் கட்டிலில் போட்டபோது உடம்பு குளிர்ந்திருந்தது. நாடி கைக்கு அகப்படவில்லை. சேலையிலும் தலைத்துண்டிலும் ஏலக்காய் வாசனை.

"எப்பருந்து காய்ச்சல்?" என்று கேட்டேன்.

"காச்சலே இல்ல சிஸ்டர்," என்றான் உக்கிரபாண்டி. "புதன்கெழம மத்தியானம் நடுக்கமா இருக்குன்னா. வெரசா ஸ்டோருக்குள்ள குழாய் ஓரமாப் படுக்கப் போட்டு ரெண்டு கம்பளியப் போத்துனேன். ரெண்டு மணி நேரத்துல ஆறா வேர்த்து காச்சல் விட்டுருச்சு. நேத்து மறுபடி வந்துச்சு. மறுபடியும் போட்டு வேர்க்க வச்சேன், விட்டுருச்சு. வேர்த்து விட்டது காச்சல்ல சேத்தியா? விடாம நின்னாக் கொண்டாந்துருவோம்னுதேன் இருந்தேன். இன்னைக்கு வெள்ளன பாத்தா பேச்சு கொழறுது."

அவன் சொல்லச் சொல்ல எனக்குக் கண்ணில் தெரிந்தது. என் அப்பா போடிமெட்டுப் பக்கம் எஸ்டேட்டில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். அந்த மலையில் மழைக்காலத்தில் கம்பளி, பாய், விறகு எல்லாம் நனைந்துதான் கிடக்கும். காய்ந்த இடம் ஸ்டோர் ஒன்றுதான். காய்ச்சல் கண்டவர்களை அங்கே கொண்டுபோய்ப் போட்டு வேர்க்க வைப்பது காலங்காலமாக நடக்கிறது. வேர்த்துவிட்டால் காய்ச்சல் தீர்ந்தது என்று கணக்கு. ஏழு வயதில் என்னையும் அப்படிப் போட்டிருக்கிறார்கள். டாக்டர் அவனை மூன்று தரம் சொல்ல வைத்தபோது, இது எனக்கு ஞாபகம் வரவே இல்லை. இருபத்தைந்து வருடமாக வெள்ளைச் சேலை கட்டினவளுக்கு மலை மறந்துபோயிருந்தது.

சலைன் ஏற்றி, இருந்த ஊசிகளைப் போட்டுவிட்டு மதுரைக்கு டிரங்கால் போட்டேன். டாக்டர் கிடைத்த பஸ்ஸில் ஏறிப் பொழுது சாய்வதற்குள் வந்துவிட்டார். ரத்தத்தை எடுத்து எண்ண உட்கார்ந்தார். எப்போதும் எண்ணி முடிக்க நேரமாகும். அன்றைக்குச் சீக்கிரமே தலையை நிமிர்த்திவிட்டார்.

"எண்ண ஒண்ணும் இல்லை சிஸ்டர்."

ஸ்டோர் விஷயத்தை அவரிடம் சொன்னேன். ஸ்டோர் என்றால் என்ன என்று கேட்டார். விளக்கினேன். "இது இங்க எல்லாரும் செய்றதா?" என்றார். "ஆமா," என்றேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அடுத்த கேள்வியை அவர் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்காமல் போய் அவள் கட்டில் பக்கத்தில் நின்றது எனக்கு அதைவிடப் பாடாக இருந்தது.

சனிக்கிழமை அவளுக்குக் கொஞ்சம் தெளிந்தது. "இன்னும் ரெண்டு ஊசி இருக்குல்ல சிஸ்டர்?" என்று கேட்டாள். "இருக்கும்மா, நீ எந்திரிச்சு உக்காரு, போட்டுருவோம்," என்றேன். உக்கிரபாண்டி அவள் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டே இருந்தான். பிள்ளையை எடுத்துக்கொண்டு குரங்கணி வீட்டுக்கு வரும்படி குருவம்மாளுக்குச் சொல்லியனுப்பினான். தேறி வந்ததும் பிள்ளை கண்ணில் பட வேண்டும் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகாலுக்கு அன்னக்கொடி இறந்துபோனாள். வராந்தாவில் ஞாயிற்றுக்கிழமை நோயாளிகள் வந்து காத்திருந்தார்கள். டாக்டர் கையைக் கழுவிவிட்டுப் போய் அவர்களைப் பார்த்தார். ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, ஒவ்வொருவருக்கும் எண்ணி, ஊசி போட்டார். அவர் குரலில் ஒரு வித்தியாசமும் இல்லை. அது எனக்கு அன்றைக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. கடைசி ஆள் போனபிறகு, பிளாஸ்க்கை மூடப் போனவர் மூடியைத் திருகத் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

உக்கிரபாண்டி கதவுப் பக்கம் வந்து நின்றான். ஜீப்பு வந்துவிட்டது, எடுத்துப்போக வேண்டியதுதான்.

"சார், ஒரு வார்த்த கேக்கணும்."

"கேளுங்க."

"இதுவரைக்கும் முப்பது பேருக்கு மேல அந்த ஸ்டோர்ல போட்டு வேர்க்க வச்சிருக்கேன். ஒரு ஆளு கெட்டதில்ல. மலையில காச்சல்னாலே என்னையத்தேன் தேடி வருவாக. இவளுக்கு நான் செஞ்சதுல எதும் தப்பு இருக்கா சார்?"

நான் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். சொல்லாதீர்கள் என்று டாக்டருக்குத் தலையை ஆட்டினேன். கையால்கூடச் சாடை காட்டினேன். அவர் பார்த்தார்.

"இருக்கு," என்றார். "புதன்கிழமை நடுக்கம் வந்தப்பவே கொண்டுவந்திருந்தா பிழைக்க வழி இருந்தது. நிச்சயம்னு சொல்லமாட்டேன். வழி இருந்தது. காய்ச்சல் வந்தா வாங்கன்னு மூணு தரம் சொன்னேனே தவிர, காய்ச்சல் வந்தா உங்க மலையில என்ன செய்வீங்கன்னு நான் கேக்கலை. அட்டையைக் கேட்டேன், தண்ணியைக் கேட்டேன், இதைக் கேக்கலை. அது என் தப்பு."

வெளியே ஜீப்புக்காரன் ஒருதரம் ஹாரன் அடித்தான்.

"அவகிட்ட அன்னைக்கு உள்ளதச் சொன்னீங்க. அவ அத வச்சு நாலு ஊசி போட்டுக்கிட்டா," என்றான் உக்கிரபாண்டி. "இப்ப எங்கிட்டச் சொன்னீங்கல்ல, இத வச்சு நான் என்ன செய்யட்டும் சார்?"

டாக்டர் பிளாஸ்க்கு மூடியை மேசையில் வைத்துவிட்டு அவன் தோளைத் தொட வந்தார். அவன் விலகி என் பக்கம் திரும்பினான்.

"சார் வெளியூரு, அவருக்குத் தெரியாது. நீங்க போடிதான சிஸ்டர். மலையில ஸ்டோர்ல போடுவோம்னு ஒங்களுக்குத் தெரியும்ல?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். அவன் நம்பியிருப்பான். டாக்டர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரியும்ப்பா," என்றேன். "என்னையே சின்னப் பிள்ளையில ஸ்டோர்ல போட்டு வேர்க்க வச்சிருக்காங்க. அன்னைக்கு நீங்க சொல்லிக்கிட்டு நிக்கும்போது எனக்குத் தோணலை."

அவன் என்னை அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தேன். அவன் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தான்.

"அப்ப ஜீப்புல ஏறுங்க சிஸ்டர். குருவம்மா வாசல்ல நிப்பா. நான் போயிச் சொன்னா, ஸ்டோர்க்காரப் பய பொண்டாட்டிய வேகவச்சுக் கொன்னுட்டான்னு ஊரு சொல்லும். புள்ளையும் அதக் கேட்டுத்தேன் வளரும். இப்ப என்ன சொன்னீகளோ அத அங்க வந்து சொல்லுங்க."

"நானும் வர்றேன்," என்றார் டாக்டர்.

"வேணாம் சார். நீங்க சொன்னா டாக்டரு பேச்சுன்னு கேட்டுக்குவாக, அம்புட்டுத்தேன். இவுக நம்ம ஊரு."

யூனிபாரத்தோடேயே ஏறினேன். அன்னக்கொடியைப் பின்னால் குறுக்கே கிடத்தியிருந்தார்கள். ரோட்டில் குழிக்குக் குழி அவள் தலை ஆடியது. உக்கிரபாண்டியும் நானும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டோம். என்ன சொல்வது, எப்படி ஆரம்பிப்பது என்று குரங்கணி வருகிறவரை யோசித்துக்கொண்டே வந்தேன். இறங்கி ஓடிவிடலாமா என்றுகூட ஒரு வளைவில் தோன்றியது.

வீட்டுக்கு முன்னால் நல்ல கூட்டம். குருவம்மாள் இடுப்பில் பிள்ளையோடு ஓடிவந்து ஜீப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். தங்கச்சி முகத்தைப் பார்த்தாள். கத்தவில்லை. உக்கிரபாண்டியைப் பார்த்து, "காச்சல்னா அன்னைக்கே கொண்டாரச் சொன்னாகன்னு இவ சொல்லிவிட்டாளே மச்சான், ஏன் கொண்டாரல?" என்று கேட்டாள். கூட்டம் அவன் வாயைப் பார்த்தது. அவன் என்னைப் பார்த்தான். இடுப்பிலிருந்த பிள்ளையும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

நான் கீழே இறங்கி நின்று, "எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு ஆத்தா, நான் சொல்லாம விட்டுட்டேன்," என்று ஆரம்பித்தேன்.